எந்தப் படம்? – பஞ்சாபி பாப்பும் நம்ம ஊர்க் காதல் பாட்டும்

போன மாதம் ஒரு சேலை விஷயமாக, செய்யாரிலிருந்து ஆரணி போகிற வழியில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் இரண்டு குழித்தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் பையன். பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். கால் மிதியில், கை கயிற்றில். பக்கத்துச் சுவர் ஆணியில் தொங்கிய சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக அலையடிக்கும் சிந்தசைசர், அடியில் கும்மென்று ஒரு பேஸ், அதுக்கு மேலே பாதித் தூக்கத்தில் பேசுவது மாதிரி ஓர் ஆண் குரல். தமிழ் இல்லை. இந்தி மாதிரியும் இல்லை.

“எந்தப் படம்பா இது?” என்று கேட்டேன்.

“படம்லாம் இல்லண்ணா. பாட்டுதான்.”

“இன்னா பாஷை?”

“பஞ்சாபின்னு சொல்றாங்க. அர்த்தம் தெரியாது. சிப்காட்ல வேலை செய்ற ஃப்ரெண்டு அனுப்பினான். ராத்திரி தறி ஓட்டும்போது கேட்டா நல்லா இருக்குது.”

வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது அந்தப் பையனின் பதில் இல்லை, என்னுடைய கேள்விதான். ஒரு பாட்டைக் கேட்டவுடனே “யாரு பாடினது?” என்று நான் கேட்கவில்லை. “எந்தப் படம்?” என்றுதான் கேட்டேன். தமிழ்நாட்டில் வளர்ந்த யாரும் அப்படித்தான் கேட்பார்கள். நமக்குப் பாட்டு என்றால் அதுக்கு ஒரு படம் இருக்கணும். பஞ்சாபிக்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஏன் இல்லை? இந்தக் குறிப்பு முழுக்க அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் போனதுதான்.

முதலில், அந்தப் பாட்டு என்ன பாட்டு

அவன் ஓடவிட்டிருந்தது ஏ.பி. தில்லானின் பாட்டு. முழுப் பெயர் அம்ரித்பால் சிங் தில்லான். பஞ்சாபில் குர்தாஸ்பூர் பக்கம். 2015-இல் படிக்கக் கனடா போனவர். பசிபிக் கரையோரம் விக்டோரியா என்ற ஊரில் சில்லறை வேலைகள் பார்த்துக்கொண்டே, குரிந்தர் கில், ஷிண்டா கஹ்லோன், ஜிமின்க்ஸர் என்ற கூட்டாளிகளுடன் பாட்டு செய்ய ஆரம்பித்தார். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. ரன்-அப் ரெக்கார்ட்ஸ் என்று தாங்களே ஒரு லேபிள் வைத்துக்கொண்டார்கள். 2020-இல், உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆண்டில், ‘பிரவுன் முண்டே’, ‘எக்ஸ்க்யூசஸ்’ என்ற பாட்டுகள் வந்தன. இந்தியாவில் கல்லூரி விடுதிகளிலிருந்து ஷேர் ஆட்டோ வரைக்கும் அவை போய்ச் சேர்ந்தன. 2022-இல் வந்த ‘சம்மர் ஹை’ பாட்டைக் கேட்டால், எண்பதுகளின் மேற்கத்திய சிந்த்-பாப் அப்படியே பஞ்சாபி பேசுகிற மாதிரி இருக்கும். 2024-இல் அமெரிக்காவின் கோச்செல்லா விழா மேடையில் அவர் பாடினார். அதற்கு முந்தைய ஆண்டு அதே விழாவில் தில்ஜித் தோசாஞ் பாடியிருந்தார்.

பஞ்சாபி பாட்டு என்றால் நம் காதில் பதிந்திருப்பது வேறு சத்தம். தோல் அடித்துக்கொண்டு, உச்ச ஸ்தாயியில் வாய் திறந்து பாடுகிற தலேர் மெஹந்தி. அந்த உச்சக் குரலுக்கு ஒரு காரணம் உண்டு. திறந்த வெளியில், மைக் இல்லாமல், கூட்டத்துக்கு நடுவே நின்று பாடியவர்களின் குரல் அது. நம்ம பக்கத்துத் தெருக்கூத்துக் கட்டியங்காரனும் வேஷக்காரர்களும் ஏன் அவ்வளவு மேலே பாடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். விடிய விடிய, கடைசி வரிசையில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவி காது வரைக்கும் போகணும். அதே கணக்குதான் அங்கேயும்.

தில்லான் வகைப் பாட்டில் அந்தக் குரல் கீழே இறங்கிவிட்டது. தோல் இல்லை, அல்லது தூரத்தில் எங்கோ இருக்கிறது. அதன் இடத்தில் ரிதம் மெஷினின் கனமான அடி. வாத்தியங்களுக்கு நடுவே நிறைய காலி இடம். குரல் மைக்குக்கு ஒரு விரல் தூரத்தில். ஊருக்குச் சொல்கிற பாட்டு ஒரு ஆளின் காதுக்குச் சொல்கிற பாட்டாக மாறியிருக்கிறது. ஹெட்செட் போட்டுக் கேட்பவனுக்காகச் செய்தது. பாஷை தெரியாத ஆரணிப் பக்கத்துப் பையனுக்கு ராத்திரி பத்து மணிக்கு அது ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியம் ஒண்ணும் இல்லை.

சிந்தசைசர் புதுசா? இல்லை

இதையெல்லாம் புது அலை என்று எழுதுகிறார்கள். சத்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதில் புதுசு குறைவு. இந்தியாவுக்குள் சிந்தசைசர் வந்து நாற்பது வருஷத்துக்கு மேலே ஆகிறது. முதல் ஆட்களில் ஒருவர் சரண்ஜித் சிங். பம்பாய் இந்திப் பட இசைக்குழுக்களில் வாசித்த கலைஞர். 1982 வாக்கில் ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளை (ஜூபிட்டர்-8, டி.பி-303, டி.ஆர்-808) வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து எச்.எம்.வி-க்கு ஒரு இசைத்தட்டு கொடுத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் ஒரு டச்சுக்காரர் அதைத் தேடி எடுத்து மறுபடி வெளியிட்டபோதுதான் உலகம் விழித்தது. ஏன்னா சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை பிறந்தது 1987 வாக்கில். அதே 303 கருவியின் அதே நெளியும் சத்தத்தை இவர் ஐந்து வருஷம் முன்னாடியே பம்பாயில் உட்கார்ந்து பைரவ் ராகத்தில் வாசித்துவிட்டிருந்தார்.

கிட்டத்தட்ட அதே சமயம் லண்டனில் மொஹிந்தர் கவுர் பம்ரா என்ற பாடகி ‘பஞ்சாபி டிஸ்கோ’ என்று ஒரு தட்டு கொண்டுவந்தார். குருத்வாராவிலும் கல்யாண வீடுகளிலும் பாடிக்கொண்டிருந்த அம்மா. அதுக்கு சிந்தசைசரும் ரிதம் மெஷினும் வைத்து இசை செய்தவர் அவருடைய மகன் குல்ஜித் பம்ரா. அதாவது இன்றைய தில்லானின் பாட்டி தலைமுறையிலேயே இந்தக் கல்யாணம் நடந்து முடிந்தது.

சரி, சென்னை சும்மா இருந்ததா? இல்லவே இல்லை. இளையராஜா 1978-இல் ‘ப்ரியா’ படத்துப் பாட்டுகளை ஸ்டீரியோவில் ஒலிப்பதிவு செய்தபோதே புதுக் கருவிகளின் சத்தம் உள்ளே வர ஆரம்பித்தது. அவர் குழுவில் கீபோர்டு வாசித்த விஜி மானுவலின் விரல்கள் இல்லாமல் எண்பதுகளின் தமிழ்க் காதலே இல்லை என்று சொல்லலாம். 1986-இல் வந்த ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ இரண்டையும் கம்ப்யூட்டர் இசை என்று ஊரே பேசியது. அந்தக் கூடத்தில் கீபோர்டு பக்கம் இருந்த திலீப் என்ற பையன் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினான். 1992-இல் ‘ரோஜா’ வந்தது. அதுக்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

இந்த இடத்தில் நம்ம ஊர் ஆளாக ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கம்ப்யூட்டர் இசை என்பது தறிக்காரருக்கு அந்நியமான விஷயமே இல்லை. தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் அட்டை மாலை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த இழை மேலே தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. மாங்காயும் மயிலும் சேலையில் விழுவது அப்படித்தான். பிரான்சில் ஜக்கார்டு இந்த ஏற்பாட்டைச் செய்தது 1804 வாக்கில். அந்த நூற்றாண்டின் கடைசியில் பாரிஸின் கவியோலி கம்பெனி இதே ஓட்டை போட்ட அட்டை மடிப்பை வைத்துத் தானாக வாசிக்கும் திருவிழா ஆர்கன்களைச் செய்தது. அட்டை ஓடும், குழல் தானே பாடும். அதே காலத்தில் காகிதச் சுருளில் ஓட்டை போட்டு பியானோவையும் தானாக வாசிக்க வைத்தார்கள். இன்றைக்கு எந்தப் பையனும் லேப்டாப்பில் இசை மென்பொருளைத் திறந்தால் கட்டம் கட்டமாக ஒரு பக்கம் வருமே, அதுக்குப் பெயர் இன்னும் ‘பியானோ ரோல்’தான். ஆரணித் தறியின் டிசைன் அட்டையும் தில்லானின் பீட்டும் தூரத்துப் பங்காளிகள்.

ஆக, கருவி நமக்கும் வந்தது. அவர்களுக்கு வந்த அதே காலத்தில் வந்தது. நம் ஆட்கள் அதை எவ்வளவு ஆழமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு ரஹ்மான் ஒருவர் போதும். அப்படியிருந்தும், படம் இல்லாத தமிழ்க் காதல் பாட்டு ஒன்று அந்தப் பையன் ஸ்பீக்கரில் ஏன் ஓடவில்லை?

பஞ்சாபில் படம் இல்லாமல் போன கதை

பதிலின் ஒரு பாதி 1947-இல் இருக்கிறது. பஞ்சாபி சினிமாவின் தலைநகரம் லாகூர். பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தப் பக்கம் வந்த கலைஞர்கள் பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள். இந்திப் படத்தில் அவர்கள் பஞ்சாபி தாளத்தை நிறையவே கலந்தார்கள். லாகூரில் பிறந்த ஓ.பி. நய்யாரின் துள்ளலைக் கேட்டால் தெரியும். முகமது ரஃபியே அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்துக்காரர்தான். ஆனால் பஞ்சாப் மண்ணில் அந்த மொழிக்கென்று ஒரு பெரிய சினிமாத் தொழில் நிற்கவில்லை.

சினிமா இல்லாத இடத்தில் பாடகன் நின்றான். கிராமத்தில் கல்யாணம், திருவிழா என்றால் பாடகரை அழைத்து ‘அகாடா’ போடுவார்கள். நம்ம ஊரில் கூத்து விடுவது மாதிரி. ஒற்றைத் தந்தி தும்பியை வைத்துக்கொண்டு லால் சந்த் யம்லா ஜட், உச்சக் குரலில் குல்தீப் மாணக், பெண் குரலுக்கு சுரிந்தர் கவுர் என்று பெரிய வரிசை. லூதியானா பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பாடகர்கள் மாடியில் ஆபீஸ் வைத்திருந்தார்கள். அங்கே போய் அட்வான்ஸ் கொடுத்துத் தேதி வாங்கணும். திருவண்ணாமலைப் பக்கம் கூத்து ஜமாவுக்குத் தேதி வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது பரிச்சயமான காட்சி.

எண்பதுகளில் கேசட் வந்தது. அதுவரைக்கும் எச்.எம்.வி நினைத்தால்தான் இசைத்தட்டு. கேசட் அதை உடைத்தது. கொஞ்சம் முதல் இருந்தால் யாரும் ஒரு பாடகரைப் பதிவு செய்து, லாரி டிரைவர்களுக்கும் டிராக்டர்காரர்களுக்கும் விற்கலாம். அந்த அலையில் மேலே வந்தவர்தான் அமர் சிங் சம்கீலா. லூதியானாவில் துணி ஆலையில் வேலை பார்த்த தலித் இளைஞர். மனைவி அமர்ஜோத்துடன் சேர்ந்து பாடிய பச்சையான ஜோடிப் பாட்டுகளுக்காகக் கொண்டாடப்பட்டார், திட்டும் வாங்கினார். 1988 மார்ச் 8 அன்று மெஹ்சாம்பூரில் ஒரு நிகழ்ச்சிக்குப் போய் இறங்கிய இடத்தில் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2024-இல் அவர் வாழ்க்கையை இம்தியாஸ் அலி படமாக எடுத்தபோது இசை நம்ம ரஹ்மான்.

கூடவே கடல் தாண்டிய கதையும் ஓடிக்கொண்டிருந்தது. லண்டன் சவுத்தால், பர்மிங்ஹாம் பக்கம் ஆலைகளுக்கு வேலைக்குப் போன பஞ்சாபிகளின் பிள்ளைகள் கல்யாண மண்டபங்களுக்காகக் குழுக்கள் அமைத்தார்கள். சன்னி சிங்கின் ‘ஆலாப்’ அதில் முக்கியமானது. தோலும் சிந்தசைசரும் ஒரே மேடையில் பழகியது அங்கேதான். தொண்ணூறுகளில் சாட்டிலைட் டிவி வந்தபோது அதுக்குப் பாட்டு வேணும், படம் வேணாம். 1995-இல் தலேர் மெஹந்தியின் ‘போலோ தா ரா ரா’ ஆல்பம் வந்தது. பஞ்சாபி எம்.சி.யின் ‘முண்டியான் தோ பச் கே’ 1998-இல் வந்து, 2003 வாக்கில் ஜே-ஸீ குரலோடு அமெரிக்கா வரைக்கும் போனது. அதுக்கப்புறம் யூட்யூப், பிறகு தில்லானின் விக்டோரியா.

இந்த வரிசையில் கருவி மாறுகிறது, ஊர் மாறுகிறது, விற்கிற வழி மாறுகிறது. பாடுகிறவன் பெயரில் பாட்டு போவது மட்டும் மாறவே இல்லை. அங்கே சினிமா பிறகு வந்தபோதும் பாடகர்களைத்தான் கதாநாயகர்களாக எடுத்துக்கொண்டது. குர்தாஸ் மான், ஹர்பஜன் மான், தில்ஜித், கிப்பி கிரேவால், அம்மி விர்க் எல்லாருமே முதலில் பாடகர்கள். நம்ம பக்கம் தலைகீழ். 2011-இல் தனுஷ் பாடிய கொலவெறி உலகம் முழுக்க ஓடியபோது அது ‘3’ படத்துப் பாட்டு, பாடியது கதாநாயகன்.

நம்மிடம் என்ன இருந்தது

பதிலின் இன்னொரு பாதி கோடம்பாக்கத்தில் இருக்கிறது. லாகூர் கைவிட்டுப் போன அதே காலத்தில் சென்னை நான்கு மொழிப் படங்களின் தொழிற்சாலையாக வளர்ந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம். வயலின் வாசிக்கத் தெரிந்தவருக்கும், கீபோர்டு வைத்திருந்தவருக்கும், ஏன், நாதஸ்வரக்காரருக்கும் அங்கே நாள் கணக்கில் வேலை. சாப்பாட்டுக்கு வழி. திறமைசாலி ஏன் தனி ஆல்பம் போடணும்?

அதுக்காகத் தமிழில் சினிமாவுக்கு வெளியே பாட்டே இல்லை என்று சொன்னால் தப்பு. நிறைய இருந்தது. நாகூர் ஹனிபாவின் குரல் பள்ளிவாசலிலும் கட்சி மேடையிலும் ஒரே கம்பீரத்தோடு ஒலித்தது. எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு இல்லாமல் ஆடி மாசம் கிடையாது. வீரமணியின் ஐயப்பன் பாட்டு இல்லாமல் கார்த்திகை கிடையாது. வடசென்னையில் கானா. கேசட் கடைகளில் புஷ்பவனம் குப்புசாமியின் நாட்டுப்புறப் பாட்டு. ரஹ்மானே ‘ரோஜா’வுக்கு முன்னால் ‘தீன் இசை மாலை’ என்ற இஸ்லாமியப் பாட்டுக் கேசட்டுக்கு இசையமைத்தவர்தான்.

இந்தப் பட்டியலை எழுதி வைத்துவிட்டு ஒரு ராத்திரி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சாமி இருக்கிறது. கட்சி இருக்கிறது. சாவு இருக்கிறது, அதுக்குக் கானா. வயல் வேலை இருக்கிறது. காதல் மட்டும் இல்லை. காதல் பாட்டை மட்டும் நாம் மொத்தமாகச் சினிமாவுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். ஒரு பையன் ஒரு பொண்ணுக்குப் பாட்டு அனுப்பணும் என்றால், அது கதாநாயகன் வாயிலிருந்து வந்த பாட்டாகத்தான் இருக்கும். சாமி கும்பிடப் படம் தேவைப்படவில்லை. காதலிக்கத் தேவைப்பட்டது.

ஏன் என்பதற்கு என்னுடைய ஊகம் இது. சாமிப் பாட்டையும் கட்சிப் பாட்டையும் ஸ்பீக்கர் கட்டி ஊருக்கே போடலாம். சொந்தக் காதலை “நான்” என்று சொல்லி ஊரில் ஒருத்தன் பாடினால், சாதி என்ன, வீடு எது என்று கேள்வி வரும். கதாநாயகன் பாடினால் வராது. அவன் திரையில் இருக்கிறான், எல்லாருக்கும் பொது. சினிமா நமக்கு ஒரு மறைப்பைக் கொடுத்தது. பஞ்சாபிலும் சாதி உண்டு, கட்டுப்பாடு உண்டு, சம்கீலாவின் முடிவே போதும். ஆனால் ஹீர்-ராஞ்சா, மிர்ஸா-சாஹிபான் என்று வீட்டை எதிர்த்த காதல் கதைகளையே தலைமுறை தலைமுறையாக மேடையில் நின்று பாடிய ஊர் அது. காதலைப் பாடுவது பாடகனின் உரிமை என்று அங்கே முன்பே முடிவாகிவிட்டது.

நம்ம பக்கமும் அப்படி ஒரு மேடை இருந்ததை மறக்கக் கூடாது. செய்யாருக்குப் பக்கத்தில்தான் புரிசை. கண்ணப்ப தம்பிரானின் ஊர். அங்கே கூத்தில் அர்ச்சுனனும் சுபத்திரையும் விடிய விடியக் காதலைப் பாட்டாகவே பேசினார்கள். சென்னையிலிருந்து ந. முத்துசாமி இங்கே தேடி வந்து கற்றுக்கொண்டார். ஆனால் கூத்துப் பாடகனின் பெயரை அட்டையில் போட்டு, அவன் காதல் பாட்டைத் தனியாகக் கேட்கும் பழக்கம் வளரவில்லை. அகாடாவிலிருந்து கேசட்டுக்குப் போன பாதை இங்கே பாதியிலேயே நின்றது.

விதிவிலக்குகளும் அவற்றுக்கு நடந்ததும்

விதிவிலக்கு உண்டா? உண்டு, அதுவும் அழகான ஒன்று. இலங்கை. எழுபதுகளில் அங்கே தமிழில் ‘பொப் இசை’ என்று ஓர் அலையே இருந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.இ. மனோகரனின் ‘சுராங்கனி’ எல்லாம் இலங்கை வானொலி வழியாக நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் வந்தன. அங்கே தமிழ்ப் பாடகனை இழுத்துக்கொள்ள ஒரு கோடம்பாக்கம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பஞ்சாபின் கதைதான் அதுவும்.

தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் சுரேஷ் பீட்டர்ஸின் ‘மின்னல்’, மால்குடி சுபாவின் தனிப் பாட்டுகள் வந்தன, நின்று வளரவில்லை. 2006-இல் மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்ராவும் ‘வல்லவன்’ கொடுத்தார்கள். அதில் பெரிய ஹிட்டே ஒரு பழைய இளையராஜா சினிமாப் பாட்டின் மேலே கட்டியது. அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பி-யின் குரல். 2012-இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம் போட்ட ஆதி 2015-இல் ‘ஆம்பள’ படத்துக்கு இசையமைப்பாளர், 2017-இல் ‘மீசைய முறுக்கு’ படத்தின் இயக்குநர், கதாநாயகன். 2021-இல் ‘எஞ்சாய் எஞ்சாமி’ படம் எதுவும் இல்லாமலே உலகைச் சுற்றியது. ஆனால் அதுக்குப் பிறகு அந்தப் பாட்டில் யாருக்கு என்ன பங்கு, யாருக்கு என்ன பெயர் என்ற வழக்கு பொதுவெளியிலேயே நடந்தது. பாட்டு பாடகனுக்குச் சொந்தம் என்ற பழக்கம் இல்லாத இடத்தில் அப்படித்தான் ஆகும்.

தில்லான் வகைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்த தமிழ்ப் பாட்டு எது என்று கேட்டால் நான் சாய் அபயங்கரைச் சொல்வேன். 2024-இல் வந்த ‘கட்சி சேர’, ‘ஆச கூட’. இரண்டுமே காதல். இரண்டுமே தனிப்பாட்டு. மென்மையான சிந்தசைசர், இடைவெளி விட்ட தாளம், உரத்துப் பேசாத குரல். இருபது வயசுப் பையன். கல்யாண ரிசப்ஷன் மேடை எல்லாம் ஒரு வருஷம் அதுதான். நான் சந்தோஷப்பட்டேன், குத்தகை முடிந்தது என்று நினைத்தேன். 2025-இல் மலையாளத்தில் ‘பல்டி’, தீபாவளிக்குத் தமிழில் ‘டூட்’, வரிசையாகப் பெரிய நடிகர்களின் படங்கள். அவரைக் குறை சொல்லவில்லை. வாய்ப்பு வந்தால் யாரும் போவார்கள். ஆனால் தமிழில் தனிப்பாட்டு இன்னும் கோடம்பாக்கத்துக்கான விண்ணப்பமாகத்தான் இருக்கிறது.

பஞ்சாபி உலகம் சொர்க்கம் என்றும் நினைக்க வேண்டாம். பாடகனே முதலாளி, பாடகனே சரக்கு என்றால் அவன் தலையும் விலைக்கு வரும். 2022 மே 29 அன்று சித்து மூஸேவாலா தன் ஊர்ப் பக்கத்திலேயே காரில் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கி, ஜீப், ஜாட் சாதிப் பெருமை என்று முறுக்கிக்கொண்டு திரியும் பாட்டுகள் அங்கே ஏராளம். ஒருவேளை அந்தச் சத்தத்துக்கு அலுத்துப்போனவர்கள்தான் இந்த மெல்லிய சிந்த் பாட்டுக்குள் ஒதுங்குகிறார்களோ என்னவோ. இந்திப் படங்களும் பஞ்சாபி ஹிட்டுகளை வாங்கி வாங்கித் திரும்பப் போடுகின்றன. ஆனாலும் பாருங்கள், அங்கே சினிமா பாட்டை வாங்க வருகிறது. இங்கே பாட்டு சினிமாவிடம் போய் நிற்கிறது. இந்திய இசையில் பஞ்சாபி பாப்பின் இடம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: படத்தின் அனுமதி இல்லாமல் ஒரு இந்திய மொழியில் காதலைப் பாடிப் பிழைக்க முடியும் என்று இவ்வளவு பெரிய அளவில் காட்டிய இடம் அது.

திரும்பவும் தறி வீட்டில்

சேலை வாங்க மறுபடி போனபோது இதையெல்லாம் அந்தப் பையனிடம் கொஞ்சம் அளந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவன் சொன்னான், “எங்க கதை மாதிரிதான்ணா.”

என்ன கதை என்றேன். பாவும் ஜரிகையும் முதலாளி கொடுக்கிறார். டிசைன் அட்டையும் அவர் கொடுத்ததுதான். நெய்து கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் தொங்கும்போது அதில் கடை பேர் இருக்கும், ஊர் பேர் இருக்கும், நெய்தவன் பேர் இருக்காது. “கூலித் தறிக்கு மாசம் தவறாம காசு வரும். சொந்தத் தறின்னா பேரு நம்மது, ஆனா விக்கலன்னா நஷ்டமும் நம்மது. எங்க தாத்தா சொந்தமா போட்டுப் பாத்துட்டு விட்டுட்டாரு.”

நான் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்ததை அவன் நாலு வரியில் சொல்லிவிட்டான். கோடம்பாக்கம் நம் இசைக்காரர்களுக்குக் கொடுத்தது நல்ல கூலித் தறி. மட்டமான தறி இல்லை. அதில் நெய்தது உலகத்தரம். விஜி மானுவலின் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் அதன் விலை.

கிளம்பும்போது அவன் கேட்டான், “படம் இல்லாம நம்ம பாஷைல ஒருத்தன் லவ் சாங் பாடினா யாருண்ணா கேப்பாங்க?”

ஸ்பீக்கரில் அதே பஞ்சாபிக்காரன் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். நான் அதைக் காட்டினேன். பாஷை புரியாமல், படம் இல்லாமல், ஒரு வருஷமா அதைக் கேட்டுக்கொண்டிருப்பவன் அவன்தானே. சிரித்துவிட்டு மிதியை மிதித்தான். அட்டை ஒரு பல் நகர்ந்தது.